டெல்டாவில் அரசை நம்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் முடிந்து, வெளியே டீக்கடையில் நிற்கும்போது எழும் கேள்விகள் இவை. சில, கல்லூரிப் பிள்ளைகள் கேட்டவை. என் அபிப்பிராயம் கலக்காமல் பதில் சொல்ல முயலவில்லை. இலங்கை, நேபாளம், பாகிஸ்தான் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பார்த்திருக்கிறேன்.

டெல்டாக்காரர்கள் அரசாங்கத்தை நம்புகிறார்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் சொன்னால் பொய்யாகிவிடும். ரேஷன் கடையில் இந்த மாதம் அரிசி போடுவார்களா என்று மன்னார்குடியில் யாரும் கவலைப்படுவதில்லை. என்றைக்குப் போடுகிறார்கள், கூட்டம் எப்படி என்பதுதான் விசாரிப்பு. புயல் எச்சரிக்கை வந்தால் வேதாரண்யத்தில் படகைக் கரையேற்றிவிடுகிறார்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு யோசிக்காமல் போகிறார்கள். அதே வீட்டு ஆள் நெல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்பும்போது சட்டைப்பையில் தனியாகக் கொஞ்சம் பணம் எடுத்துவைக்கிறார். பயிர்க் காப்பீட்டுப் பணம் வரும் என்று சொன்னால் சிரிக்கிறார்.

என் கணிப்பு இது. தேதியும் அளவும் ஊருக்கே தெரிந்த இடத்தில் நம்பிக்கை இருக்கிறது. அளக்கிற கருவி ஒருவர் கையில் மட்டும் இருந்து, மற்றவர் அதை எட்டிக்கூடப் பார்க்க முடியாத இடத்தில் நம்பிக்கை போய்விடுகிறது. கார்டுக்கு எத்தனை கிலோ என்பது வீட்டுப் பெண்களுக்கு மனப்பாடம். குறைந்தால் அங்கேயே நின்று கேட்பார்கள். நெல்லின் ஈரப்பதம் 17-ஆ, 19-ஆ என்பதை அப்படி நின்று கேட்க முடிவதில்லை. எந்தக் கட்சி, டெல்லியா சென்னையா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பதற்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பத்து நாள் தள்ளினால் என்ன?

குறுவை கெட்டுவிடும். குறுகிய காலப் பயிர். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் அறுத்தாக வேண்டும். ஜூன் 12-ல் தண்ணீர் விட்டால் கல்லணை வந்து, பிரிந்து, வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடைக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும். அங்கிருந்து எண்ணினால் அக்டோபர் மழை தலைக்கு மேல் நிற்கும்.

1934-லிருந்து இயங்கும் அணை அது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). இந்த இரண்டு எண்ணும் டெல்டாவில் பள்ளிக்கூடம் போகாதவருக்கும் தெரியும். காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம்தான். அவ்வளவு வெளிப்படையான கணக்கு வேறு எந்தத் துறையிலும் கிடையாது.

ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதி தவறியது. 2020-ல் ஜூன் 12 அன்றே திறந்தபோது நாற்றங்காலைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் உண்டு. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது.

தேதி தவறுகிற வருஷங்களில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். போர்வெல் வைத்திருப்பவர் மேட்டூரை எதிர்பார்க்காமல் நாற்று விட்டுவிடுகிறார். போர் இல்லாதவரும், கீழே உப்புத்தண்ணீர் உள்ள கடலோரத்துக்காரரும் குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்குக் காத்திருக்கிறார்கள். அரசை நம்பாமல் இருப்பதற்கும் வசதி வேண்டியிருக்கிறது. வசதி உள்ளவர் விலகிக்கொண்டதும் கேள்வி கேட்கிற குரலும் மெலிந்துபோகிறது. இலவச மின்சார போர் வந்த பிறகு வாய்க்கால் தூர்வாரும் சண்டை எத்தனை ஊரில் அடங்கிப்போனது என்று விசாரித்துப் பாருங்கள்.

காவிரி வழக்கு நாற்பது வருஷம் இழுத்தது. இதற்கப்புறமும் கோர்ட்டை எப்படி நம்புவது?

வழக்கைத் தொடங்கியதே நம் ஊர் விவசாயிகள் என்பதை முதலில் ஞாபகம் வைத்துக்கொள்வோம். மாநில அரசுகள் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தபோது, 1983 நவம்பரில் டெல்டா விவசாயிகள் சங்கம்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதன் தொடர்ச்சியாக 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991-ல் 205 டிஎம்சி என்று இடைக்கால உத்தரவு. 2007 பிப்ரவரி 5-ல் இறுதித் தீர்ப்பு: தமிழகத்துக்கு மொத்தம் 419 டிஎம்சி; அதில் மாநில எல்லையான பிலிகுண்டுலுவில் கர்நாடகம் விட வேண்டியது 192. அது அரசிதழில் வர 2013 ஆயிற்று. மேல்முறையீட்டில் 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. அந்த ஆண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வந்தன.

தீர்ப்பில் 14.75 டிஎம்சி போனது. கோபம் இருந்தது, ஆனால் யாரும் தீர்ப்பைத் தூக்கிப் போடவில்லை. மாதாமாதம் எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது, பிலிகுண்டுலுவில் அளப்பது மத்திய நீர்வள ஆணையம். இரண்டு மாநிலத்திலும் சேராத மூன்றாம் ஆள் அளக்கிறார் என்பதால் தினமும் இத்தனை கன அடி வந்தது என்பதில் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் பற்றாக்குறை வருஷத்தில் வருகிறது. மழை பொய்த்தால் பங்கை எப்படிக் குறைப்பது என்பதற்கு இரு தரப்பும் ஒப்பும் சூத்திரம் இன்னும் இல்லை. 2016-லும் 2023-லும் அதுதான் மறுபடி நீதிமன்ற வாசலில் போய் நின்றது.

தாமதத்தை நியாயப்படுத்த மாட்டேன். 1983-ல் மனு போட்டபோது நாற்று நட்டவர்களில் பலர் 2018-ஐப் பார்க்கவில்லை.

தலைமடை–கடைமடைச் சண்டை நமக்கு மட்டும்தானா?

இல்லை. பாகிஸ்தானில் சிந்து மாகாணத்தின் கடைக்கோடியில் தட்டா, பதீன் என்று இரண்டு மாவட்டங்கள். நம் வேதாரண்யம், தலைஞாயிறு மாதிரி, ஆறு கடலில் சேரும் இடம். மேலே இருக்கும் பஞ்சாப் நம் தண்ணீரை எடுத்துக்கொள்கிறது என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் புகார். 1991-ல் நான்கு மாகாணங்களும் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டன. 1992-ல் அதை நடத்த ஒரு ஆணையம் வந்தது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அணைகளில் தானாக அளவு காட்டும் டெலிமெட்ரி கருவிகளும் வைத்தார்கள். அந்தக் கணக்கை ஒருவர் ஒப்பினால் மற்றவர் மறுத்து, கடைசியில் கருவிகளே படுத்துவிட்டன. 2025-ல் சிந்து நதியிலிருந்து புதிய கால்வாய்கள் வெட்டப்போகிறார்கள் என்றதும் சிந்து வழக்கறிஞர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஏப்ரல் கடைசியில் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தார்கள்.

மொழி வேறு, மதம் வேறு, ஆட்சிமுறை வேறு. கடைமடைக்காரர் முகம் மட்டும் ஒன்று.

கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காசு கேட்கிறார்கள். இது ஒழியவே ஒழியாதா?

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-லிருந்து இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்பது டெல்டா விவசாயிக்கு வந்த மிகப் பெரிய பாதுகாப்பு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்தில் ஊக்கத்தொகை சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500. இந்த விலையை எந்த வியாபாரியும் களத்தில் வந்து கொடுப்பதில்லை. நிலையத்தின் மேல் இத்தனை ஆத்திரம் இருந்தும் எல்லோரும் அங்கேயே போவது இதனால்தான்.

40 கிலோ சிப்பத்துக்கு 40 ரூபாய், 50 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது விவசாயச் சங்கங்கள் பல வருஷமாகச் சொல்லும் புகார். கணக்குப் போடுங்கள். ஏக்கருக்கு 60 சிப்பம், அதாவது 24 குவிண்டால். சன்ன ரக விலையில் 61,080 ரூபாய். சிப்பத்துக்கு 40 என்றால் 2,400 போய்விடுகிறது. நூற்றுக்குக் கிட்டத்தட்ட நான்கு. சம்பாப் பயிருக்குக் காப்பீட்டு பிரீமியமே காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான்.

ஏன் கொடுக்கிறார்கள்? ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது மத்திய அரசின் வரம்பு. அறுவடை நேரத்தில் மழை. நெல்லைக் காயவைக்கக் களம் இல்லை, சாலையில்தான் கொட்டிவைத்திருக்கிறார். வரம்பைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கடிதம் எழுதும், டெல்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப்போகும், உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடும். 2025 அக்டோபரில் குறுவை நெல் நிலைய வாசல்களில் தேங்கி மழையில் நனைந்ததைப் படங்களில் எல்லோரும் பார்த்தோம். அந்தச் சமயத்தில் ஒருவர் கருவியை நெல்லில் செருகி '19' என்கிறார். இன்னொரு கை செருகினால் '17' காட்டும் என்று விவசாயிக்குத் தோன்றுகிறது. தோன்றுவது சரியோ தப்போ, சரிபார்க்க வழியில்லை. தார்ப்பாய் வாடகை, காவல், ராத்திரித் தூக்கம், மறுநாள் மழை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் 2,400 மலிவாகத் தெரிகிறது. பேராசைக்காரர்கள் பேரம் பேசுவதாக இதை எழுதுகிறவர்கள் மழை மேகத்தின் கீழே நெல்லோடு நின்றதில்லை.

மேசைக்கு அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர் எனப் பலர் பருவகாலத் தற்காலிக ஊழியர்கள். சுமைதூக்குபவர்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. அது போதாது என்று அவர்களே போராடியிருக்கிறார்கள். வாங்கிய நெல்லைக் கிடங்குக்கு எடுத்துப்போக லாரி வராமல் வெளியிலேயே கிடந்தால் காய்ந்து எடை குறையும். அந்தக் குறைவை எழுத்தர் தலையில் கட்டுகிறார்கள் என்பது ஊழியர் தரப்பின் பழைய முறையீடு. அப்படியானால் அவர் எடுக்கும்போதே ஒரு கிலோ கூட வைத்து எடுக்கப் பார்ப்பார். மேலே ஓட்டை இருக்கிறது. கீழே இருப்பவர் விவசாயியிடம் அதை அடைத்துக்கொள்கிறார்.

ஒழிக்க என்ன வழி என்று கேட்டால், எழுத்தரைத் தூக்கில் போடு என்று சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. ஈரப்பதக் கருவியின் எண் விவசாயி கண்ணெதிரில் தெரிய வேண்டும், ரசீதில் அச்சாக வேண்டும், மறுஅளவு கேட்க அவருக்கு உரிமை வேண்டும். லாரி மூன்று நாளுக்குள் வர வேண்டும். உலர்த்தும் களமும் கொட்டகையும் வேண்டும். இவை எல்லாம் நடந்த நிலையத்தில் கையூட்டுக் கேட்பவருக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சாக்குக்கூட மிஞ்சாது.

காசு கொடுத்துவிட்டேன். இப்போது புகார் செய்தால் என் மேலேயே கேஸ் வருமா?

ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ல் வந்தது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். ஆனால் வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவர் மீது அது வராது. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால் ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அது தனிப் பாதுகாப்பு. ஏழு நாள் என்பதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் ஏழு நாள் எப்படிப் போகிறது என்றே தெரியாது.

அந்தக் காலத்தில் கணக்குப்பிள்ளை ஊரிலேயே இருந்தார், எல்லாம் நேராக நடந்தது. இப்போது விஏஓவைத் தேடி அலைய வேண்டியிருக்கிறதே?

'நேராக நடந்தது' யாருக்கு? கர்ணம் என்ற கணக்குப்பிள்ளையும் முன்சீப் என்ற ஊர்த் தலைவரும் பரம்பரைப் பதவி. ஒரு குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் ஊரின் நிலக் கணக்கெல்லாம் இருந்தது. அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்கள் ஊரில் பாதிப் பேர். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்து, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்தது. அலைச்சல் உண்மைதான், ஒருவரே இரண்டு மூன்று கிராமம் கூடுதல் பொறுப்பில் பார்க்கிறார். இருந்தாலும் பழைய ஏற்பாட்டுக்காக நான் ஏங்க மாட்டேன்.

சிட்டாவும் அடங்கலும் கணினியில் வந்த பிறகு அலைச்சல் குறைந்தது, தப்புக் குறையவில்லை. 1980-களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் ஏறிய பெயர்ப் பிழைகள், விடுபட்ட உட்பிரிவுகள் அப்படியே கணினிக்குள் போய்விட்டன. காகிதத்தில் இருந்தபோது தாசில்தார் பேனாவால் திருத்தினார். இப்போது 'சிஸ்டத்தில் அப்படித்தான் இருக்கு' என்ற பதில் வருகிறது.

என் வயல் மூழ்கியது. பக்கத்து ஊருக்கு இன்சூரன்ஸ் வந்தது, எங்கள் ஊருக்குப் பூஜ்யம். இது மோசடிதானே?

மோசடியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மோசடியா இல்லையா என்று உங்களுக்குத் தெரிய விடாமல் வைத்திருப்பதுதான் பிரச்சினை. 2016-லிருந்து நடக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் நம் நெல்லுக்கு அலகு வருவாய்க் கிராமம். மகசூல் இழப்பைக் கணக்கிட உங்கள் வயலைத் தனியாகப் பார்ப்பதில்லை. ஊரில் குலுக்கலில் தேர்ந்த சில வயல்களில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து சராசரி எடுப்பார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரியை வைத்து 'உத்தரவாத மகசூல்' என்று ஒன்று இருக்கும். ஊர்ச் சராசரி அதைவிடக் குறைந்தால் குறைந்த விகிதத்துக்குப் பணம்.

உதாரணத்துக்கு: உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 1,000 கிலோ, பரிசோதனையில் வந்தது 800 என்றால் காப்பீட்டுத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. பரிசோதனையில் 1,010 வந்தால் ஒன்றும் கிடையாது. உங்கள் இரண்டு ஏக்கர் முழுக்க அழுகியிருந்தாலும் ஊரின் மேட்டு வயல்கள் தப்பித்திருந்தால் சராசரி ஏறிவிடும். வாய்க்காலுக்கு அந்தப்புறம் வேறு வருவாய்க் கிராமம் என்றால் அங்கே கதை வேறு.

இதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பிரீமியம் கட்டும்போது யாரும் இப்படி உட்காரவைத்துச் சொல்வதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் எந்த வயலில், என்றைக்குப் பரிசோதனை என்று கேட்டு ஊர்க்காரர்கள் நான்கு பேர் கூட நில்லுங்கள். எடையைப் போன் கேமராவில் எடுத்துவையுங்கள். பிறகு வரும் எண்ணோடு ஒப்பிடலாம்.

குத்தகைக்காரருக்கு இதெல்லாம் உண்டா?

காகிதம் இருந்தால் உண்டு. 1955-லேயே குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம். இருந்தும் டெல்டாவில் ஏராளமான குத்தகை வாய்ச்சொல்தான். பதிவு செய்தால் நிலம் போய்விடும் என்று உடைமையாளருக்குப் பயம். கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்று குத்தகைதாரருக்குப் பயம். கோயில் நிலமானால் பாக்கி ரசீதில் தொடங்கும் வேறு வழக்கு. வெள்ளம் வந்து நிவாரணம் அறிவித்தால் பட்டாவில் பெயர் உள்ளவர் கணக்குக்குப் பணம் போகிறது. அவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். நல்லவராக இருந்தால் கொடுத்தனுப்புவார்.

நம்பிக்கை எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரியா இருக்கிறது?

இருக்க நியாயமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் தொனி. அந்தத் தெருவில் போய், நீதித்துறை மேல் உங்களுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பவருக்குத் துணிச்சல் வேண்டும்.

அதே நேரம் அவர்கள் அரசைக் கைகழுவவும் இல்லை. 1969-ல் கிழக்குத் தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் போன்றவர்கள் பின்னாளில் ஆயிரக்கணக்கான ஏக்கரை நிலமற்ற பெண்கள் பெயரில் பத்திரம் போட்டுக் கொடுத்தார்கள். நாகை, திருவாரூர்ப் பக்கம் மனைப் பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சொல்லை நம்பி ஏமாந்தவர்களுக்குக் காகிதம் பெரிது.

கஜா புயலில் அரசு நன்றாகச் செய்ததா, மோசமாகச் செய்ததா?

இரண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முந்தின நாளே 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை முகாமுக்குக் கொண்டுபோனார்கள்; மக்களும் போனார்கள். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். அன்றைக்கு எச்சரிக்கை சொல்ல ஏற்பாடே இல்லை. பதினான்கு வருஷத்தில் எச்சரிக்கையை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் பழக்கம் வந்திருந்தது. பெரிய மாற்றம் அது.

புயல் போன மறுநாளிலிருந்து வேறு கதை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்தது. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. அமைச்சர்களின் கார்களை மறித்தார்கள். எச்சரிக்கையில் நேரம், இடம், காற்றின் வேகம் எல்லாம் இருந்தது. நிவாரணத்தில் யார் எப்போது எத்தனை மரத்தை எண்ணுவார் என்பதற்குப் பதில் இல்லை.

இலங்கை, வங்கதேசம், நேபாளம் மாதிரி இங்கே நடக்குமா?

இளைஞர்கள் ரகசியமாகக் கேட்பார்கள். 2022 ஜூலையில் கோத்தபய ராஜபக்ச ஓடினார். 2024 ஆகஸ்ட் 5-ல் ஷேக் ஹசீனா. 2025 செப்டம்பர் 9-ல் நேபாளத்தில் சர்மா ஓலி பதவி விலகினார். மூன்றிலும் காரணங்கள் வேறு. நமக்கு நெருக்கமானது இலங்கை. 2021-ல் ரசாயன உரத்தை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். நெல் விளைச்சல் சரிந்தது. நவம்பரில் தடையை விலக்கினாலும் காலம் கடந்துவிட்டது. இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். வயலில் இறங்குபவரைக் கேட்காமல் ஒரு போகத்தோடு விளையாடினார்கள்.

இங்கே கோபம் வேறு வடிகாலில் ஓடுகிறது: சாலை மறியல். பஸ்ஸை நிறுத்தி இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தாசில்தார் வருவார், சமாதானப் பேச்சுவார்த்தை நடக்கும், 'புதன்கிழமைக்குள் தண்ணீர் விடுகிறோம்' என்பார், கலைவார்கள். மனுவில் கிடைக்காத தேதி மறியலில் கிடைக்கிறது. அதிகாரி வருவார் என்று தெரிந்துதான் ரோட்டில் உட்காருகிறார்கள். வராமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் கொழும்பும் காட்மாண்டுவும் காட்டின.

2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி பக்கம் நிலக்கரி ஏலப் பட்டியல் வெளியானது நினைவிருக்கும். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டாயிற்று என்று நம்பியிருந்த நேரத்தில் ஏல அறிவிப்பிலிருந்துதான் சேதி தெரிந்தது. சில நாட்களில் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்ததற்கு நன்றி சொன்னவர்களைவிட, இன்னொரு முறை எப்படித் தெரியவரும் என்று கேட்டவர்கள் அதிகம்.

ஓட்டுக்குக் காசு வாங்குகிறவர்களுக்கு அரசைக் கேள்வி கேட்க என்ன தகுதி?

2016 மே மாதம் தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலையே பணப் பட்டுவாடாவுக்காக ரத்து செய்தார்கள். நவம்பர் 19-ல் மறுபடி நடந்தது. வெட்கப்பட வேண்டியதுதான், முக்கியமாகக் கொடுத்தவர்கள். வாங்கியவரின் கணக்கைக் கேட்டால், ஐந்து வருஷத்தில் கையில் உறுதியாக வருவது இது ஒன்றுதான் என்பார். அதோடு ஒப்பவில்லை என்றாலும், அதற்காக அவர் வாய்க்கால் பற்றிக் கேட்கும் உரிமை பறிபோகாது.

சர்வேக்களில் ராணுவம்தான் முதலிடம் என்கிறார்களே?

டெல்லி வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நிதி ஆய்வுகளில் வழக்கமாக வருவது அது: ராணுவம் மேலே, அரசியல் கட்சியும் போலீசும் கீழே. அன்றாடம் கையெழுத்துக்காக நிற்க வேண்டியிராத அமைப்புக்கு மதிப்பெண் ஏறத்தான் செய்யும். இன்னொன்று, கேள்வித்தாளோடு வருபவரைப் பார்த்ததும் நம் ஊரில் முதல் சந்தேகம் 'கார்டை நிறுத்தப்போறாங்களோ?' என்பது. அந்த மனநிலையில் வரும் 'நம்புறேன் சார்' என்ற பதிலை எடைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அரசை நம்பாதவர்கள் யாரை நம்புகிறார்கள்?

தெரிந்த ஆளை. ஒன்றியக் கவுன்சிலர், சங்கச் செயலாளர், தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவர். அப்புறம் அதிக வட்டி சொல்லும் நிதி நிறுவனத்தை. கும்பகோணத்தில் சொந்த ஹெலிகாப்டர் வைத்திருந்த நிதி நிறுவனச் சகோதரர்கள் மேல் 2021-ல் முதலீட்டாளர்கள் புகார் கொடுத்தது செய்தியானது. அரசு வங்கியின் பாஸ்புக் மேல் வராத நம்பிக்கை ஹெலிகாப்டர் மேல் வந்தது.

கிராம சபையில் பேசினால் பயன் உண்டா?

வருஷத்துக்கு ஆறு நாள் கூட வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் பின்னால் ஆதாரமாகும். ஆனால் நம் மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. 2016-லிருந்து 2019 வரையும் இதே நிலைதான். வீதியில் நிறுத்திக் கேட்கக் கூடிய ஒரே பதவியைக் காலியாக வைத்துக்கொண்டு மக்களுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று கருத்தரங்கம் நடத்துகிறோம்.

சரி, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தால் நடக்குமா?

பாதி நடக்கும். கன்றை இழந்த பசு மணியடித்து நீதி கேட்ட கதை நம் திருவாரூருடையது; மனுநீதி நாள் என்று அரசு பெயர் வைத்ததும் அதிலிருந்துதான். 2017-ல் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்த பிறகு, வாசலில் போலீசார் தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்த்து உள்ளே விடுகிறார்கள். அங்கிருந்து மனு மறுபடி உங்கள் தாலுகாவுக்கே, யார் மேல் புகாரோ அவர் மேசைக்கே வந்து சேர்வதும் உண்டு.

ஆகவே மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் வெளியே வராதீர்கள். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். சர்வே எண்ணும் தேதியும் அவசியம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள்: பத்து ரூபாய்க் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பதிவுத் தபாலில், பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு. 'ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. 'இந்த எண் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, அவர் எழுதிய குறிப்பின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது. குறிப்பின் நகல் கேட்ட கடிதம் மேசைக்கு வந்ததும், அதுவரை கிடைக்காத கோப்பு கிடைத்துவிடும்.